குடியை விட்டால்தான் வேலை என்கிறார்கள். வேலை இல்லாமல் குடியை விடுவது எப்படி?

(புதுச்சேரியில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் கூட்டத்தில் குடிநோயைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எதற்குப் பேச வேண்டும் என்று உள்ளே வரும்போதே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் கூட்டங்களில் குடி இரண்டு விதமாகத்தான் பேசப்படுகிறது. ஒன்று, மதுக்கடையை மூடு என்ற முழக்கம். இன்னொன்று, "நம்ம பசங்க குடிச்சே கெட்டுப் போறாங்க" என்ற வருத்தம். குடியிலிருந்து மீள நினைக்கிற ஒருவர் நாளைக் காலையில் எந்த வேலைக்குப் போவார், அந்த வேலை அடுத்த மாதமும் அவருக்கு இருக்குமா என்ற கேள்வி இந்த இரண்டிலும் வருவதில்லை. இன்றைக்கு அதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். வேலை போன கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பாதிக் கதையில் குடி வந்துவிடுகிறது. குடித்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அதற்குள் வேலை போன கதை இருக்கிறது. எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர், அலுவலகம் எதுவும் வேண்டாம்.

முதலாமவர் ஓர் அலுவலகத்தில் நிரந்தர எழுத்தர். ஒரு கட்டத்தில் காலையில் குடிக்காமல் கையெழுத்துப் போட முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. கூட வேலை பார்த்தவர்கள் சில மாதம் சமாளித்துக் கொடுத்தார்கள். பிறகு மருத்துவ விடுப்பு எடுத்து ஒரு மாதம் சிகிச்சையில் இருந்தார். திரும்பி வந்தார். ஆறு மாதத்தில் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். மறுபடியும் விடுப்பு, மறுபடியும் சிகிச்சை. இப்போது மூன்று வருடமாகக் குடிப்பதில்லை. அவருடைய நாற்காலி அங்கேயே இருந்தது. சம்பளம் தாமதமானதே தவிர நிற்கவில்லை. அவர் ஆதிக்க சாதிக்காரர்.

இரண்டாமவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 11 வருடம் ஏறக்குறைய அதே தெருக்களில் குப்பை அள்ளியவர். இடையில் ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. ஆனால் தாளில் ஒவ்வொரு முறையும் அவர் புது ஆள். மனைவி கெஞ்சிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சிகிச்சையில் சேர்த்தார். 20 நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த மறுநாளே வேலைக்குப் போனார். "உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. தேவைப்பட்டா கூப்புடுறோம்" என்றார் மேற்பார்வையாளர். யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை என்னிடம் சொன்னது அவர் அல்ல, அவருடைய மனைவி. "சும்மா வீட்டுல உக்காந்திருந்தா அவரு என்னதான் பண்ணுவாரு சார்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே நோய். கிட்டத்தட்ட ஒரே மாத்திரைகள். இரண்டு பேருமே சிகிச்சைக்குப் பிறகு மறுபடி குடித்தவர்கள். ஒருவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது. அதை அவருடைய மன உறுதி என்று சொல்லிவிடுவது எளிது. என் கண்ணில் பட்டது விடுப்பு விதி. விடுப்பு எடுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைச் சாதியை விட்டுவிட்டு இந்த நாட்டில் யாராலும் விளக்க முடியாது.

குடிநோய் என்று நான் சொல்வது சும்மா மரியாதைக்காக அல்ல. குடி பழகிய உடல், குடி நின்றதும் எதிர்ப்புக் காட்டும். கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் கடுமையாக அடிமைப்பட்டவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். அதைத் தாண்டினாலும் நோய் திரும்பி வரலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் "உனக்கு வைராக்கியம் இல்லை, நாளையிலிருந்து வராதே" என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து வருகிறவருக்கு வேலை இருக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது பாதிப்பு வந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான். குடிநோய் அதன் பட்டியலில் தனியாக இடம்பெறவும் இல்லை.

இன்னொரு பக்கம், 2025 வரை நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலை நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளைப் பாருங்கள். அவற்றின்படி குடிபோதை ஓர் ஒழுங்கீனமாக இருந்தது. அனுமதியில்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பதும் ஒழுங்கீனமாக இருந்தது. உள்நோயாளியாக இருந்து குடிநோய்க்குச் சிகிச்சை பெற மூன்று வாரம், ஒரு மாதம் ஆகும். விடுப்பு இல்லாத தொழிலாளிக்கு என்ன வழி? வேலை நேரத்தில் குடித்திருந்தாலும் குற்றம். குடியை நிறுத்த மருத்துவமனைக்குப் போனாலும் குற்றம். அந்தத் தூய்மைப் பணியாளருக்கு இந்த விதிகூடத் தேவைப்படவில்லை. விசாரணை இல்லை, நோட்டீஸ் இல்லை, ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.

இந்த ஊரில் தொழிலாளி என்றால் எப்போதும் இப்படித்தானா? இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். வ.சுப்பையா போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலை இந்த மண்ணில் சட்டமானது. நாம் ரோடியர் மில் என்று சொல்கிற ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று மில்கள் பல தலைமுறைக்குச் சோறு போட்டன. மில் தொழிலாளியும் குடித்தார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது, இ.எஸ்.ஐ. இருந்தது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நோய்ப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலை நீக்கம் செய்யவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. இன்று அந்த மில் தொழிலாளியின் பேரன் சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்குப் போகிறார். இல்லையென்றால் கட்டட வேலை, ஓட்டல் வேலை, டெலிவரி வேலை. குடிநோய் வந்தால் தாத்தாவுக்கு இருந்த பிடிமானம் பேரனுக்கு இல்லை.

மறுபக்கம், இந்த ஊரின் மதுப் பொருளாதாரம். சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. குடிக்க நினைத்தவர்கள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். அந்தப் பழக்கமும் அந்த வியாபாரமும் அப்படியே நிலைத்துவிட்டன. தமிழ்நாட்டில் சாராயக்கடை போய்விட்டது. இங்கே சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் அரசே ஏலம் விடுகிறது. கலால் வருவாய் புதுச்சேரி அரசின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. சினிமாவில் பாண்டிச்சேரி என்று சொன்னாலே தியேட்டர் சிரிக்கிறது. வார இறுதியில் சென்னையிலிருந்து வந்து கடற்கரைப் பக்க ஓட்டலில் குடிக்கிறவர் சுற்றுலாப் பயணி. அந்த ஓட்டலின் பின்பக்கக் கால்வாயைச் சுத்தம் செய்துவிட்டுச் சாராயக்கடைக்குப் போகிறவர் குடிகாரன்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். குடியையும் தலித்துகளையும் சேர்த்துப் பேசினால் அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் அவதூறுக்கு நாமே சாட்சி சொல்வதாகாதா? இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. குடி எல்லாச் சாதியிலும் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். 5 கோடியே 70 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார். இதில் எந்த எண்ணும் ஒரு சாதியின் எண் அல்ல.

ஜோதிராவ் புலே புனே நகராட்சி உறுப்பினராக இருந்தபோது மதுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து எழுதினார். அயோத்திதாசர் முன்வைத்த பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் மது தவிர்ப்பும் ஒன்று. நம் முன்னோர்கள் குடியைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை. நாமும் பேசலாம். பேசும்போது குடித்தவரின் குணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அவரைக் குடிக்க வைத்த வேலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அப்படிப் பேசினால் ஒரு சிக்கலில் வந்து நிற்போம். மலக்குழியில் இறங்குகிறவர்கள், அழுகிய குப்பையை அள்ளுகிறவர்கள், நாற்றத்தைத் தாங்கக் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம் என்று நாடு முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். "குடிக்காம எப்படி சார் எறங்குறது? நீங்க ஒரு நாள் வந்து பாருங்க" என்றார் ஒருவர். வேலையைச் செய்யக் குடி தேவைப்படுகிறது. அதே குடியைக் காட்டி வேலையிலிருந்து துரத்துகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் 'டாப்' முறை என்று ஒன்று இருந்தது. கறுப்பின, கலப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக ஒயினைக் கொடுத்தார்கள். சட்டம் தடை செய்த பிறகும் பல ஆண்டுகள் அது நீடித்தது. அந்தத் தோட்டங்களில் குடிநோய் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. அதைப் பார்த்து அந்த மக்களின் இயல்பே குடிதான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நமக்குப் பழக்கமான கதைதான்.

அப்படியானால் மீண்டு வந்த தூய்மைப் பணியாளருக்கு அதே வேலையைத் திருப்பித் தரச் சொல்லிப் போராடுவதா? எந்த வேலை அவரைக் குடிக்க வைத்ததோ அதற்குள்ளேயே அவரை மறுபடி தள்ளுவதா? இந்தக் கேள்வியோடு நான் நிறைய நாள் இருந்தேன். எனக்குக் கிடைத்த விடை இதுதான்: அவருடைய வருமானத்தையும் பணிக்காலத்தையும் காப்பாற்ற வேண்டும், அந்தக் குழியை அல்ல. 11 வருட உழைப்பு அவர் பெயரில் இருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது அவர் ஓட்டுநராகவோ, கிடங்குப் பொறுப்பாளராகவோ, பூங்காப் பணியாளராகவோ, அலுவலக உதவியாளராகவோ வர முடிய வேண்டும். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மறுவாழ்வைப் பற்றிப் பேசுகிறது. அந்தத் தொழிலிலிருந்து வெளியே வருகிறவருக்கு ஒருமுறை உதவியாக 40,000 ரூபாய், பயிற்சி, கடன் என்று திட்டம் இருக்கிறது. போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி கொடுப்பதும் அதே சமூக நீதி அமைச்சகம்தான். ஆனால் இந்த இரண்டு கதவுகளையும் ஒரே மனிதருக்குச் சேர்த்துத் திறந்துவிட்டதை நான் பேசியவர்கள் யாருடைய வாழ்க்கையிலும் பார்க்கவில்லை. சிகிச்சை இல்லாமல் பணம் கையில் வந்தால் என்ன ஆகும், வேலை இல்லாமல் சிகிச்சை முடிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முழுதாகக் குணமாகட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம் என்பதுதான் எல்லோரும் சொல்வது. வீட்டிலும் சொல்கிறார்கள், முதலாளியும் சொல்கிறார். அமெரிக்காவில் 1990களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ஐ.பி.எஸ். என்று அதற்குப் பெயர். வேலை செய்ய விரும்புகிறவர் யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வது, போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி யாரையும் தள்ளாமல் இருப்பது. நீண்ட பயிற்சியில் உட்கார வைக்காமல் சீக்கிரமே சம்பளமுள்ள உண்மையான வேலையைத் தேடித் தருவது. வேலை கிடைத்த பிறகும் ஓர் ஆதரவாளர் கூடவே இருப்பது. பயிற்சி கொடுத்துவிட்டுப் பிறகு வேலை தேடுகிற பழைய முறையைவிட இது பல நாடுகளில் நன்றாக வேலை செய்தது. பின்னால் போதையிலிருந்து மீள்கிறவர்களிடமும் இதைச் சோதித்தார்கள்.

பால்டிமோர் நகரில் கென்னத் சில்வர்மன் குழு வேறு மாதிரி செய்தது. போதை எடுக்காமல் வந்தால் அன்றைக்குப் பயிற்சியும் கூலியும் உண்டு. வேலை இருந்தவரை பலர் போதையிலிருந்து விலகியிருந்தார்கள். அந்த ஏற்பாடு முடிந்ததும் பலர் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வைத்த சிறுநீர்ப் பரிசோதனை நிபந்தனையை இங்கே ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை அவர் எதற்குப் பயன்படுத்துவார் என்று நமக்குத் தெரியும். நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: வேலை நீடித்தவரைதான் மீட்சியும் நீடித்தது. மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம் என்று முடிகிற திட்டங்களால் பெரிய பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு லாரி ஓட்டினால், சாரத்தில் ஏறினால், இயந்திரத்தில் நின்றால் அவரும் சாவார், மற்றவரும் சாவார். யாரும் போதையில் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு இதற்கு வழி சொல்கிறது. மது, போதைப் பிரச்சினைகளை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே நடத்த வேண்டும். சிகிச்சைக்கு முன்வருகிறவரிடம் பாகுபாடு காட்டக் கூடாது. அவருடைய விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். ஆபத்தான வேலையிலிருந்து தற்காலிகமாக மாற்றுவது வேறு, வேலையை விட்டே நீக்குவது வேறு. நிரந்தர ஊழியருக்கு இந்த வித்தியாசம் புரிகிற நிர்வாகங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளி என்று வந்தால் மட்டும் புரிவதில்லை.

சரி, நாம் என்ன கேட்கலாம்? புதுச்சேரியில் இப்போதே கேட்கக் கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து, அரசுத் துறைகள் விடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனை வேண்டும். குடிநோய் சிகிச்சைக்குப் போகிற தொழிலாளியின் இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணிக்காலம் தொடர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. டெண்டர் தாளில் சில வரிகள் போதும்.

இரண்டாவது, சிகிச்சை நாட்களுக்குக் கூலி. ஏலம் விட்டு வருகிற கலால் வருவாயிலிருந்து ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கருணாபுரத்தின் தினக்கூலிக் குடும்பங்கள் அதில் சிதைந்தன. இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 10 லட்சம் கொடுத்தது. கொடுத்தது சரிதான். உயிரோடு இருக்கும்போது அந்த மனிதருக்கு ஒரு மாதக் கூலியோடு சிகிச்சை தர ஏன் எந்த அரசுக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவது, மாலை நேரச் சிகிச்சைப் பிரிவு. தினக்கூலிக்காரர் காலையில் வெளிநோயாளர் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஒவ்வொரு முறையும் கூலியா மாத்திரையா என்று தேர்வு செய்யச் சொன்னால் நான்காவது முறை அவர் வரமாட்டார். வேலை முடிந்து வரும் நேரத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். அது பெண்கள் தயங்காமல் வரக் கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். குடிக்கிற பெண் தொழிலாளர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்களுக்கு அவமானம் இரண்டு மடங்கு.

நான்காவது, மீண்டவர்களையே வேலைக்கு எடுப்பது. முன்பு குடித்து இப்போது விட்டவர் பேசினால்தான் குடிக்கிறவர் காது கொடுக்கிறார். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு இதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பரவியது. இங்கேயும் அதன் கூட்டங்களில் மீண்டவர்கள் சம்பளம் இல்லாமல் அதைச் செய்கிறார்கள். சேரிப் பகுதிகளிலிருந்து வந்த மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தோடு ஆதரவாளர்களாக நியமிக்கலாம். ஒப்பந்தக்காரரிடம் பேசுவது, முதல் மூன்று மாதம் காலையில் போன் செய்வது, சம்பள நாளன்று கூட இருப்பது எல்லாம் அவர்களால் முடியும்.

கடைசியாக, இது நமக்கு. சங்கங்களும் இயக்கங்களும் குடித்ததற்காக வேலை போனவரின் வழக்கை எடுக்கத் தயங்குகின்றன. "குடிகாரனுக்காகப் போய் நிக்கிறியா" என்று கேட்பார்களே என்ற கூச்சம். நிற்க வேண்டும். பொய்க் குற்றச்சாட்டில் வேலை போனவருக்காக நிற்பது எளிது. நோயில் இருக்கிறவருக்காக, உண்மையிலேயே தவறியவருக்காக நிற்கும்போதுதான் சங்கம் எதற்கு என்று தொழிலாளிக்குத் தெரியும்.

இங்கே இருக்கிற உங்களில் சிலர் நாளை மனிதவளத் துறையில் வேலை பார்ப்பீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் சொந்தமாக ஒரு கடை வைத்து நான்கு பேருக்கு வேலை கொடுப்பீர்கள். மூன்று வாரம் காணாமல் போய்த் திரும்பி வருகிற ஒருவர் ஒரு நாள் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். "எங்கே போயிருந்தாய்" என்று கேட்பதற்கு முன்னால் அவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் சிகிச்சைக்குப் போய்விட்டு வந்தேன் என்று பயமில்லாமல் சொல்லக் கூடிய இடமாக அது இருக்கட்டும்.